கார் மச்சானுடையது, அபராதம் என்னுடையது

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை, இதில் கார் எங்கே வாங்குவது? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் மச்சானின் காரை வாங்கிக்கொள்வேன். கையில் லைசென்ஸ் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று ஐந்து வருஷம் ஓட்டியாயிற்று.

போன மாசம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொன்னார். வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்சூரன்ஸ் முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு."

"வண்டி என்னுது இல்ல சார்."

"ஓட்டுறது நீங்கதானே?"

2000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவு ஓட்டுபவரையும் பிடிக்கும், ஓட்டக் கொடுத்தவரையும் பிடிக்கும். மறுபடி சிக்கினால் 4000. பின்சீட்டிலிருந்து அம்மா, "உன் மச்சான்கிட்ட வாங்கிக்கோ" என்றாள். எப்படிக் கேட்பது?

அப்புறம்தான் பாலிசித் தாளை முழுசாகப் படித்தேன். சட்டம் கேட்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வண்டியோடு போவது. அது நடப்பில் இருந்து, நான் யார்மீதாவது மோதினால் அவர்களுக்கு நஷ்டஈடு உண்டு. சரி, எனக்கே அடிபட்டால்? அதில் இருக்கும் 15 லட்சம் விபத்துக் காப்பு 'ஓனர் டிரைவருக்கு'. அதாவது ஆர்சியிலும் பாலிசியிலும் பெயர் உள்ள மச்சானுக்கு. இரவல் வாங்கி ஓட்டும் என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மறுநாளே என் பெயரில் தனி விபத்து பாலிசி எடுத்தேன். எந்த வண்டியில் போனாலும் அது என்னோடு வரும்.

*

அடுத்தவர் காரில் எனக்கும் ஒரு அனுபவம், திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். தெரிந்தவர் என்று வெள்ளை போர்டு காரை நாள் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டேன். பம்பர் உடைந்தது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி, வாடகைக்கு விட்டால் செல்லாது என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். நாமே ஓட்டும் வாடகைக் கார் என்றால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

*

நான் வியாசர்பாடி, ஆக்டிங் டிரைவர். சொந்தமாக சைக்கிள்கூட இல்லை. சாவி வாங்கும் முன் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி பார்ப்பேன். மாசச் சம்பளத்துக்குக் கூப்பிட்டால் பாலிசியில் சம்பள டிரைவருக்கு அடிபட்டால் ஓனர் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கான 50 ரூபாய் கட்டியிருக்கிறதா என்றும் கேட்பேன். பெரிய காருக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் இந்த ஐம்பதைத்தான் விட்டிருப்பார்கள். பெரம்பூரில் ஒரு ஓனர், "நீ வண்டி ஓட்ட வந்தியா, கணக்குப் பார்க்க வந்தியா?" என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.