மாடித்தோட்டத் தளையும் உப்புத் தண்ணியும்: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். சென்னையில கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் எட்டு மொட்டை மாடிகள்ல காய்கறி போட்டிருக்கு. எல்லாம் தோட்டக்கலைத் துறை மானியத்துல தந்த தளை, அதாவது கிட்தான்: ஆறு பை, ரெண்டு கிலோ தென்னைநார்க்கழிவுக் கட்டி ஆறு, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியாங்கிற உயிர் உரங்கள், வேர் நோயைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா, வேப்ப மருந்து.

சிக்கல் போர் தண்ணி. மீஞ்சூர் பக்கமே நிலத்தடி நீர்ல கடல் உப்பு ஏறின இடம். கத்தரி ஓரளவு தாங்குது. அவரைக்கு ரெண்டாவது இலை வந்ததும் ஓரம் கருகிடுது. நார்க்கழிவுலயும் உப்பு உண்டு, அதனால ஊறவெச்சு மூணு தடவை அலசிப் பிழிஞ்சு, கால் பங்கு மண்புழு உரம் கலந்துதான் பையில நிரப்புறது. தினம் கொஞ்சமா தெளிச்சா உப்பு பையிலேயே தங்கிடும். வாரம் ஒரு தடவை அடி ஓட்டை வழியா வழியுற வரைக்கும் ஊத்தணும். ஆனா அதுக்கும் நல்ல தண்ணி வேணுமே!

கேட்க வேண்டியது இதுதான். போர் தண்ணியோட மெட்ரோ தண்ணியை எந்த விகிதத்துல கலந்தா அவரை, பீன்ஸ் தப்பிக்கும்? டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்போட அளவைக் காட்டுற கருவி) வெச்சுப் பார்த்தவங்க அளவோட சொல்லுங்க. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, கழுவின பாட்டில்ல ஒரு லிட்டர் பிடிச்சு வெச்சாச்சு. சென்னை முகவரிக்கு எந்த அரசு பரிசோதனை நிலையம் வாங்கிக்கும்?

இன்னொண்ணு. மிஞ்சுற கீரையை விக்கணும். உழவர் சந்தை அட்டைக்கு நில ஆவணம் கேட்பாங்க, மொட்டை மாடிக்கு ஏது சிட்டா? மகளிர் குழு மூலமா கடை போட்டவங்க யாராவது இருக்கீங்களா?