சின்ன நாய், இளகின வயிறு: கடித்து மெல்ல என்ன கொடுக்கிறீர்கள்?

பாளை பொமி:
நாய் கடிப்பதற்கென்று மாட்டுத் தோலைக் காயவைத்து, எலும்பு மாதிரி முடிச்சுப் போட்டு விற்கிற அந்த வெள்ளைத் தோல் எலும்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பொமரேனியனுக்கு ஈரல் ஒரு துண்டு கூடினாலே கழிச்சல். "இது வயித்த ஒண்ணும் செய்யாது, ரொம்ப நேரம் தாங்கும்" என்று மதினி வாங்கி வந்தார்கள். சாயங்காலம் முழுக்கச் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு இருமல். போய்ப் பார்த்தால் வாய் பிளந்திருக்கிறது, முன்காலால் முகத்தைப் பிறாண்டுகிறது. விரலை விட்டதில் ஒரு நுனி தட்டுப்பட்டது. இழுத்தேன். வருகிறது, வருகிறது, இன்னும் வருகிறது. ஒரு சாண் நீளத்துக்குக் கொழகொழவென்று ஊறின தோல்! ஒரு முனை பல்லில் மாட்டியிருந்ததால் தப்பித்தது. விரலில் அந்த வழவழப்பு இன்னும் இருப்பது போலவே இருக்கிறது. தோல் இல்லாமல், நேரமும் தாங்கி, வயிற்றுக்கும் ஒத்துப்போகிற சாமான் உண்டா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். கடை விளம்பரம் வேண்டாம்.

மேலப்பாளையத்துக்காரன்:
தோலுக்குக் காசு கொடுப்பதே வீண். கறிக்கடையில் கேட்டால் பாய் ஆட்டுக்கால் எலும்பு சும்மாவே போடுவார். எங்கள் டாஷ்ஹண்டுக்கு முதல் தடவை கொடுத்த அன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆச்சி பெருக்கப் போனார்கள். ஆச்சியைப் பார்த்து உறுமியது பாருங்கள், தினமும் ஆச்சி தலையணையில் படுக்கிற ஜீவன்! "ஏல, இதுக்குள்ள ஒரு நாய் இருந்திருக்குலே" என்றார்கள். வயிறு ஒன்றும் ஆகவில்லை. தெரு நாயெல்லாம் எலும்பு தின்றுதானே வளர்கிறது?

தென்காசி:
தெரு நாய் எலும்பு குத்திச் செத்தால் யார் வந்து நம்மிடம் சொல்லப்போகிறார்கள்? எங்கள் வீட்டிலும் அதே ஆட்டுக்கால் எலும்புதான். சமையல்கட்டில் நின்ற எனக்கு முற்றத்திலிருந்து 'டக்' என்று கேட்டது. எலும்பு உடைந்தது என்றுதான் நினைத்தோம். எலும்பு முழுசாகக் கிடந்தது, மேல்வரிசைப் பெரிய கடைவாய்ப்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து ஈறோடு தொங்கியது. அதைவிட, அது அழவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு மறுபக்கத்துப் பல்லால் கடிக்கப் போனது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மேலப்பாளையத்துக்காரன்:
வெந்த எலும்பா, பச்சையா? அதைச் சொல்லாமல் பயமுறுத்தாதீர்கள். சூப்பில் வெந்ததுதான் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கோழி எலும்பு இன்னும் மோசம்.

தென்காசி:
பச்சைதான். குடலுக்கு வெந்தது கூடுதல் ஆபத்து என்பது சரி, பல்லுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஒரு மாட்டையோ ஆட்டையோ சுமந்து நடந்த கால் எலும்பு அது.

வள்ளியூர் அண்ணாச்சி:
எங்கள் பக் நாய் விஷயம் வேறு. ஆவணியில் பனம்பழம் விழுகிற நேரம், விளையில் ஒன்றை இழுத்துப்போய்ச் சப்பியிருக்கிறது. மூஞ்சி முழுக்க மஞ்சள், மூக்குச் சுருக்கத்திலெல்லாம் நார், கண் மட்டும் முழித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. கழுவிவிட்டோம். காலையில் நார் நாராகக் கக்கியது. அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். முதலில் நகம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விழாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது. எலும்பு, மான்கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் இதிலேயே கழிந்துவிடும். தோல் எலும்பு நகத்தில் தேறினாலும் வயிற்றில் தேறாது. வயிற்றில் ஊறி உப்பும், சீக்கிரம் கரையாது, எக்ஸ்ரேயிலும் பல நேரம் தெளிவாகத் தெரியாது. கடையில் கலர் கலராகத் தொங்குகிற மஞ்சி குச்சியிலும் தோல் தூள் இருக்கும், பின்பக்கத்தைப் படியுங்கள். காய்ந்த மாட்டுக்குறிக் குச்சி விற்கிறான், புல்லி ஸ்டிக் என்று. செரிக்கும், ஆனால் கலோரி கூடின சரக்கு. அமெரிக்காவில் 2013இல் அளந்து பார்த்தார்கள். 6 அங்குலக் குச்சியில் சராசரி 88 கலோரி, நாலரைக் கிலோ நாய்க்கு அதுவே நாள் சாப்பாட்டில் 30 சதவீதம். தின்பண்டம் மொத்தமும் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். பன்றிக்காது வேண்டவே வேண்டாம். 2019இல் அதனால் அங்கே மனிதர்களுக்கே சால்மோனெல்லா என்கிற வயிற்றுக் கிருமி பரவி, நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்று அரசே சொன்னது. கொழுப்பு ஏறினால் சின்ன நாய்க்குக் கணையம் வீங்கலாம், அந்த வலியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். என் தம்பி வீட்டுச் சிப்பிப்பாறை வேட்டைநாய் செருப்பைத் தின்றுவிட்டு வயலில் ஓடும், அதை வைத்துப் பொமிக்குக் கணக்குப் போடாதீர்கள். புதுசாக ஒன்று கொடுத்தால் கால் மணி நேரத்தில் வாங்கி வைத்துவிட்டு, மறுநாள் மலம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு புதுச் சாமான் கொடுத்தால் எதனால் கழிந்தது என்று கடைசிவரை தெரியாது. விடாமல் வாந்தி, மலம் வரவில்லை, வயிற்றைத் தொட்டால் முறைக்கிறது என்றால் வீட்டில் சோம்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.

பாளை பொமி:
அண்ணாச்சி, நன்றி. நான் என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன், நீங்கள் கொடுக்கக்கூடாததையே சொல்லி முடித்துவிட்டீர்களே.

அம்பை:
எங்கள் ஷிட்ஸூவுக்குச் சுர்ப்பி. மகன் சிக்கிம் பக்கம் ராணுவத்தில் இருந்தபோது கொண்டு வந்தான், அங்கே ஆட்களே வாயில் அடக்கிக்கொண்டு நடப்பார்களாம். பாலைத் திரித்து, தண்ணீரைப் பிழிந்து காயவைத்த கட்டி. பாலில் வயிற்றைக் கலக்குகிற சர்க்கரை பெரும்பாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடும், அதனால் பால் குடித்தால் கழிகிற எங்கள் நாய் இதைத் தாங்கியது. பால் புரதமே ஒவ்வாத நாய்க்கு ஆகாது. ஒருநாள் கட்டைவிரல் அளவு மிச்சத்தை வாயிலிருந்து பிடுங்கப் போனேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டு 'கொளக்' என்று விழுங்கியது! அந்தப் பார்வை இருக்கிறதே. ராத்திரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், நல்லவேளை காலையில் முழுசாகக் கக்கிவிட்டது. இப்போது மிச்சத் துண்டை மைக்ரோவேவில் கொஞ்ச நேரம் வைக்கிறேன், பொரி போல உப்பிவிடும். நன்றாக ஆறவைத்துக் கொடுத்தால் மொறுமொறுவென்று தின்னும்.

வள்ளியூர் அண்ணாச்சி:
சுர்ப்பியில் நகத் தடம் விழாதே, தாயி.

அம்பை:
விழாதுதான். அதனால் தண்ணீரில் ஊறப்போட்டு மேல்பக்கம் இளகின பிறகு கொடுக்கிறேன். கடித்து உடைக்கிற நாய்க்குக் கொடுக்க மாட்டேன். இது நக்குகிற ஜாதி.

தென்காசி:
பல் போனதிலிருந்து எங்கள் வீட்டில் உள்ளே குழிவான ரப்பர் பொம்மைதான். கேப்பைக் கூழும் வெந்த பூசணியும் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். கரைத்து நக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, மலமும் கெட்டியாகப் போகிறது. தாளிக்காத தயிர்சாதமும் வைக்கலாம். வெங்காயம் மட்டும் கண்ணிலேயே காட்டக்கூடாது. பொம்மை நாயின் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாளை பொமி:
இது செய்யலாம் போலிருக்கிறது. கேப்பை வீட்டிலேயே இருக்கிறது.

மேலப்பாளையத்துக்காரன்:
கூழை நக்குவதும் எலும்பைக் கடிப்பதும் ஒன்றாகுமா? பல் எப்படிச் சுத்தமாகும்?

தென்காசி:
பிரஷ் வாங்குங்கள். பல் உடைந்தபோது மருத்துவர் அதைத்தான் காட்டிக்கொடுத்தார். மனிதப் பேஸ்ட் ஆகாது, நாய்ப் பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது.

களக்காடு புதுசு:
முழுக்கப் படிக்க நேரமில்லை, மன்னிக்கவும். தை மாதம் வருகிறது, பொமிக்குப் பனங்கிழங்கு மெல்லக் கொடுக்கலாமா?

வள்ளியூர் அண்ணாச்சி:
நார். மேலே பக் கதையைப் படியும் வே.