அனுபவப் பகிர்வு: ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியத்தை வகுப்புக்குள் கொண்டுவரும்போது (புனைபெயர்களில் மூவர்)

செம்மண்:
பழுப்புத் தாளில் பல்லி வரைந்து, பஞ்சுக்குச்சியால் புள்ளி வைக்கச் சொல்லும் பாடம் ஆஸ்திரேலியப் பள்ளிகள் பலவற்றில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். புள்ளி ஓவியம் அந்தக் கண்டம் முழுமைக்கும் பொதுவானதல்ல. மேற்குப் பாலைவனத்துப் பாப்புன்யாவில் 1971-இல் பூர்வகுடிப் பெரியவர்கள் பலகையில் அக்ரிலிக் கொண்டு வரையத் தொடங்கினார்கள். வெளியார் பார்க்கக் கூடாத சடங்குக் குறிகளை மறைக்கவும் புள்ளிகள் உதவின. அதை அலங்காரமாக்கி நகலெடுக்கச் சொல்லலாமா?

முதலில் ஐயாட்சிஸ் (AIATSIS) எனும் பூர்வகுடி ஆய்வு நிறுவனத்தின், மக்களும் மொழிகளும் குறித்த ஆஸ்திரேலிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, பள்ளி நிற்கும் மண் யாருடையது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்ட நாடு அது. பிறகு அந்த மண்ணைச் சேர்ந்த ஓவியர் ஒருவரின் பெயர், குலம், ஊர் சொல்லி ஒரே ஒரு படைப்பைக் காட்டுங்கள். ஒரு பாடவேளைக்கு அது போதும்.

மரப்பட்டை:
கையால் செய்ய என்ன கொடுப்பது என்பதுதான் பலருக்கும் சிக்கல். நகலை விட்டுவிட்டு, பொருளைப் பழகக் கொடுங்கள். இந்த ஓவியங்களுக்கு வண்ணம் தரும் காவி மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டாம், அந்த இடங்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு. கடையில் விற்கும் காவிப்பொடி 2 பங்கு, பிவிஏ வெள்ளைப் பசை 1 பங்கு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக. பசை கூடினால் பிளாஸ்டிக் போலப் பளபளக்கும். குறைந்தால் காய்ந்தபின் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். பொடியை உலர்வாக அரைக்காதீர்கள், தூசி மூச்சில் ஏறும். வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் மரப்பட்டையில் வரையும் ஓவியர்கள் முன்பு ஆர்க்கிட் கிழங்குச் சாற்றைப் பசையாகக் கொண்டார்கள். பின்னாளில் அவர்களும் இதே பிவிஏவுக்கு வந்துவிட்டார்கள். இதைச் சொன்னால், இது பழங்காலத்தில் உறைந்துபோன கலை என்ற நினைப்பு பிள்ளைகளிடமிருந்து அகன்றுவிடும்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொல்லலாம், ஆனால் சொந்தக் குறிகளால். பாலைவன ஓவியங்களில் வரும் வட்டத்துக்குள் வட்டம் சுலபம் என்று கடன் வாங்கப் பார்ப்பார்கள். அதே குறி ஓர் ஓவியத்தில் நீர்ச்சுனை, இன்னொன்றில் தங்குமிடம்; பொருளை வரைந்தவர்தான் சொல்ல முடியும். ஆர்னம் நிலத்து ஓவியங்களில் வரும் ‘ரார்க்’ எனும் குறுக்குக்கோட்டு வடிவம் குலத்துச் சொத்து. அதைத் தொடவே வேண்டாம்.

தூரிகை:
உரிமையைப் புரியவைக்க 1966-இன் ஆஸ்திரேலிய ஒரு டாலர் நோட்டு போதும். ஆர்னம் நிலத்து ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்தை அவரைக் கேட்காமலே அதில் அச்சிட்டார்கள். பிறகு கொடுத்தது 1000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிப் பெட்டி. "இது நியாயமா?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்தால் போதும், வகுப்பே பேசும்.

செம்மண்:
பூர்வகுடிப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைப்பதானால் பல வாரம் முன்பே கேளுங்கள், கட்டணமும் பயணச் செலவும் முதலிலேயே பேசிவிடுங்கள். துக்கம் நேர்ந்து வர முடியாமல் போனால் வற்புறுத்தாமல் வேறு நாள் வையுங்கள். அன்றைக்கு, வகுப்பிலுள்ள பூர்வகுடிப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து "நீ சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சுமை அந்தப் பிள்ளையுடையது அல்ல. மறைந்த ஓவியரின் படத்தைத் திரையில் போடுமுன் அறிவித்துவிடுங்கள். சில சமூகங்களில் இறந்தவர் பெயரையும் முகத்தையும் காட்டுவது துயரம் தரும்.