ஆட்டம் முதலில், பயிற்சி அப்புறம்: எல்லையோரக் கல்லூரிகளின் கூடைப்பந்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் (உடற்கல்வி ஆசிரியர்)

என் வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, மலையாள வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலோர் கூடைப்பந்தைத் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். இவர்களை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராக லே-அப் (ஓடிவந்து ரிங் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது) போடச் சொன்னால், மணி அடிக்கும்வரை காத்திருப்பதுதான் வேலையாக இருக்கும். அதனால் வந்ததும் அரை மைதானத்தில் மூன்றுக்கு மூன்று ஆட விட்டுவிடுவேன். ஆட்டம் எங்கே முட்டி நிற்கிறதோ, அங்கே நிறுத்திக் கேள்வி கேட்பேன். 1982இல் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் பங்கர், தோர்ப் என்ற இரண்டு ஆசிரியர்கள் முன்வைத்த வழி இது. ஆட்டம் புரியட்டும், தேவை வரும்போது திறனைக் கற்றுக்கொடு என்றார்கள்.

எங்கள் ஊரில் அந்தத் தேவையைக் காற்றே கொண்டுவந்து கொடுக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அம்மியையே நகர்த்தும். வெயில் கண்ணில் படாமலிருக்க மைதானத்தை வடக்கு தெற்காகப் போட்டிருப்பதால், மேற்குக் காற்று குறுக்கே அடிக்கும். மூன்று புள்ளி தரும் 6.75 மீட்டர் கோட்டிலிருந்து எறிந்த பந்து ரிங்கைத் தொடாமல் கிழக்கே போய் விழும். "இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். கிட்டே போய் போர்டில் அடித்துப் போடலாம் என்றான் ஒருவன். அதுவரை வாயே திறக்காத மாணவி ஒருத்தி, "சார், மேல தூக்கிப் போட்டா காத்து கொண்டுபோயிருதுங்க. தரையில தட்டிக் குடுக்கலாங்களா?" என்றாள். பவுன்ஸ் பாஸ் என்ற பெயரை அதற்கப்புறம்தான் சொன்னேன். அன்றைக்கு அதைப் பழக்கச் சொல்லி அவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்விக்காக எத்தனை நேரமும் காத்திருக்கலாம்.

குப்பம், சித்தூர் மாவட்டம் (முதலாண்டு மாணவி)

எங்கள் வகுப்பில் பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டே ரிங் வரை போய்விடுவார்கள். நாங்கள் கூடவே ஓடுவோம், பந்து வராது. இதைச் சாரிடம் சொன்னதும், "நீங்களே ஒரு விதி போடுங்கம்மா" என்றார். ட்ரிப்ளிங் (பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது) கூடாது, பாஸ் மட்டும்தான் என்று போட்டோம். அன்றுமுதல் எல்லோர் கையிலும் பந்து சுற்றியது, ஆள் இல்லாத இடம் பார்த்து ஓடவும் கற்றுக்கொண்டோம். அப்புறம்தான் சார் சொன்னார்: 1891இல் நெய்ஸ்மித் தன் 18 மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதிய விதியும் அதுதானாம். பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பீர்மேடு, இடுக்கி மாவட்டம் (பயிற்சியாளர்)

இருவர் சொன்னதும் சரி. ஆனால் எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாது. குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்க வேண்டும், ஷாட் போடுகிறவரின் காலடியில் யாரும் நுழையக் கூடாது. இவற்றை முதல் நாளே நேராகச் சொல்லிவிடுவேன். கணுக்கால் பிசகிக் கற்க வேண்டிய பாடமில்லை அது. அடிபட்டு உட்கார்ந்தவர்களிடம் விசிலையும் ஸ்கோர் ஷீட்டையும் கொடுத்துவிடுவேன். ட்ராவல் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி விதிக்கு மேல் அடி எடுத்து வைப்பது) எது என்பதை விசில் பிடித்தவர்கள்தான் சீக்கிரம் தெரிந்துகொள்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம்

காலடி விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். இனி மதிப்பெண் பற்றியும் பேசுங்கள். ரிங்கில் எத்தனை விழுந்தது என்று மட்டும் எண்ணினால், அந்தப் பவுன்ஸ் பாஸ் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? நல்ல பாஸுக்கும், வெற்றிடம் தேடி ஓடியதற்கும் நீங்கள் எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?