பழைய வாக்யூம் கிளீனர்களின் விநோத மூக்குகள்: உங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

பதினோரு வருடமாகப் பழைய வாக்யூம் கிளீனர்களின் அட்டாச்மென்ட் சேர்க்கிறேன். மிஷினைவிட அதன் குழாய் முனையில் மாட்டும் சாமான்கள்மேல்தான் எனக்கு ஆசை. தரை பிரஷ், சோபாவுக்கான பட்டை மூக்கு, இடுக்கில் விடும் கூர் மூக்கு எல்லாம் காயலான் கடையில் தாராளமாகக் கிடைக்கும். நான் தேடுவது பெயின்ட் அடிக்கும் கன், தலை காயவைக்கும் குழாய், துணிக்குப் பூச்சி மருந்து ஊதும் டப்பா மாதிரியானவை.

இதெல்லாம் எப்படி வந்தது என்றால், அந்தக் காலத்து உருளை மிஷின்களில் பலவற்றுக்கு முன்னாலும் ஓட்டை, பின்னாலும் ஓட்டை. முன்பக்கம் உறிஞ்சும், பின்பக்கம் ஊதும். குழாயைக் கழற்றிப் பின்னால் மாட்டினால் அதே மிஷின் புளோயர். ஸ்வீடன் கம்பெனியான எலக்ட்ரோலக்ஸ் 1921-ல் கொண்டுவந்த மாடல் வி, படுத்த உருளையாக, இரண்டு சறுக்குக் கட்டைமேல் தரையில் இழுபடும் விதமாக வந்தது. அந்த வடிவம் பரவியபின், வீட்டில் காற்றை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசித்து ஒவ்வொரு மூக்காகச் செய்தார்கள். அந்த யோசனைதான் என்னை இழுக்கிறது.

எனக்கு மறக்கவே முடியாத அனுபவம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில். கதவு நிலை விற்பதாகக் கேள்விப்பட்டு நண்பரோடு சும்மா போயிருந்தேன். அங்கே ஒரு ஆயா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பொத்தான் வைத்திருந்த டப்பா என் கண்ணில் பட்டது. உள்ளங்கையில் அடங்கும் தகர உருளை. ஒரு பக்கம் திருகு மூடி, மூடி நடுவில் சல்லடை. மறுபக்கம் குழாய் சொருக ஒரு கழுத்து, அதன் அடியிலும் சல்லடை. பொத்தானைக் கொட்டிவிட்டு முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் லேசாக அந்துருண்டை வாசனை!

"இது என்னது ஆயா?" என்றேன். "மாமனார் துரை வூட்ல வேலைக்கு இருந்தாரு. கம்பளிக் கோட்டெல்லாம் பொட்டில போட்டு, இதுல மருந்த வெச்சி காத்து ஊதுவாங்களாம்" என்றார். அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. பாரா டைகுளோரோ பென்சீன் என்கிற வெள்ளைக் கட்டி உருகாமலே நேராக ஆவியாகும். அதன் வழியாகக் காற்றை விட்டால் ஆவி வேகமாகக் கிளம்பித் துணிக்குள் போகும். கம்பளியைத் தின்னும் புழு செத்துப்போகும். (யாருக்காவது இப்படி டப்பா கிடைத்தால் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள். அந்த ஆவியைச் சுவாசிப்பது நல்லதில்லை.)

பணம் கொடுத்தேன், ஆயா வாங்கவில்லை. "பொத்தான் போட எனக்கு வேற டப்பா குடு" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக் கடைக்குப் போய் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே ஒரு தாளில் எழுதி அந்த உருளைக்குள் வைத்திருக்கிறேன். அதிலிருந்து எந்தச் சாமானை வாங்கினாலும், இதை யார் எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேட்காமல் வருவதில்லை. அந்த விவரம் போய்விட்டால் கையில் இருப்பது வெறும் தகரம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தர்மபுரி

அண்ணா, எங்கள் அப்பாவிடம் இருந்ததைச் சொல்கிறேன். யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-ல் தொடங்கி வீடு வீடாக வாக்யூம் கிளீனர் விற்றது எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் ஆள் எடுத்தன. அப்பா அப்படி ஒன்றில் சேர்ந்து, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று பஸ்ஸிலேயே மிஷினைத் தூக்கிக்கொண்டு சுற்றியவர்.

அவர் பையில் ஒரு சாமான் இருந்தது, வாங்கியவர்களுக்குக் கொடுக்காதது. இரண்டு பிளாஸ்டிக் வளையம், ஒன்றுக்குள் ஒன்று இறுகும். நடுவில் வெள்ளைத் துணி வைத்துக் குழாய்க்கும் மூக்குக்கும் இடையில் மாட்டுவார். வீட்டுக்காரர்களின் மெத்தைமேல் பத்து இழுப்பு இழுத்துவிட்டு வளையத்தைக் கழற்றிக் காட்டுவார். துணியில் எட்டணா அகலத்துக்குச் செம்மண் வட்டம் இருக்கும். காலையில்தான் உதறி விரித்த மெத்தை என்று சொன்ன அம்மா வாயடைத்துப் போவாராம்.

1901-ல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத், உறிஞ்சித் துடைக்கும் யோசனை வந்ததும் நாற்காலிமேல் கைக்குட்டையைப் போட்டு வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார் என்று சொல்வார்கள். கைக்குட்டையின் அடிப்பக்கம் அழுக்கு ஒட்டியிருந்ததாம். எங்கள் அப்பாவுக்கு பூத் யாரென்றே தெரியாது. எண்பது வருடம் கழித்துத் தர்மபுரி வீடுகளில் அதையேதான் செய்திருக்கிறார். வளையம் இன்னும் வீட்டில் இருக்கிறது, துணி மட்டும் மாற்றியிருக்கிறோம்.

ஓசூர்

எங்கள் அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. ஐப்பசி அடைமழையில் தலைக்கு ஊற்றினால் காயவே காயாது. மிஷின் பின்பக்கம் குழாய் மாட்டி, அகலமான ஒரு மூக்கால் அம்மாவுக்கு நான்தான் காற்று பிடிப்பேன். மோட்டாரைத் தொட்டுக்கொண்டு வெளியே வருவதால் அந்தக் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். முதலில் ஐந்து நிமிஷம் வாசலைப் பார்த்து ஓடவிட வேண்டும், இல்லையென்றால் குழாயில் இருக்கிற தூசி எல்லாம் தலையில். அப்புறம்தான் சாம்பிராணி. மூக்கு இன்னும் இருக்கிறது, தரமாட்டேன், மன்னிக்கவும்.

பர்கூர்

பழைய இரும்புக் கடையில் கண்ணாடி ஜாடி போட்ட பெயின்ட் கன் கிடைத்தது சார். மாட்டினால் காற்று வருகிறது, பெயின்ட் வரவில்லை. குழாயிலும் ஆடுகிறது. என்ன செய்வது?

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

ஜாடி மூடியில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய பெயின்டால் அடைத்துப் போயிருக்கும். மெல்லிய குழாயின் தலைக்கு மேல் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து பெயின்ட் மேலே ஏறுகிறது. மேலேறும் அளவுக்கு ஜாடிக்குள் காற்று நுழைய வழி வேண்டும். அது அடைபட்டால் ஏறாது. இன்னொன்று, கம்ப்ரஸர் அளவுக்கு அழுத்தம் இதில் கிடையாது. பெயின்டைத் தின்னர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து துணியில் வடிகட்டுங்கள். அடிக்கும்போது அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஆட்டத்துக்கு டேப் சுற்றாதீர்கள், பசை ஒட்டிப் பாழாகும். எனக்கும் இதே தொல்லை வந்தது. இங்கே லேத் பட்டறையில் கொடுத்தேன். அவர் வெர்னியர் என்கிற அளவுகோல் வைத்துக் குழாயின் அளவு 31.8 மில்லிமீட்டர் என்றார், அதாவது ஒண்ணேகால் இஞ்ச். நைலான் கம்பியில் ஒரு பக்கம் லேசாகச் சரிவு விட்டுக் கடைந்து கொடுத்தார். திருகிச் சொருகினால் கப்பென்று நிற்கிறது.

வெளிநாட்டு மிஷின் கிடைத்தால் தகட்டில் வோல்ட் எவ்வளவு என்று படித்த பிறகே பிளக்கைத் தொடுங்கள். 110 வோல்ட் அமெரிக்க மிஷின் ஒன்றை நேராக 230-ல் சொருகி மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மெச்சர் கம்பிச் சுருளைக் கருக்கிவிட்டேன். நாற்பது வருடம் யாரோ காப்பாற்றி வைத்திருந்த மிஷின். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். ஓசூர் காயலான் கடையில் ஒரு அலுமினியச் சீப்பு வாங்கினேன். ஒரு சாண் அகலம், பல்லெல்லாம் மொட்டையாக உருண்டிருக்கிறது, பல்லுக்கு நடுவே உறிஞ்சும் துளை. கம்பளத்துக்கு என்று நினைத்தேன், ஆனால் பல் ரொம்ப நீளம். கடைக்காரருக்கும் தெரியவில்லை.

தர்மபுரி

அப்பாவிடம் காட்டினேன் அண்ணா. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது மனுசனுக்கும் இல்ல, கம்பளத்துக்கும் இல்ல. மாடோ குதிரையோ சீவுறது. தோலு கீறாம இருக்கத்தான் பல்லு மொட்டை" என்றார். பல் அடியில் முடி ஏதாவது இருக்கிறதா பார்க்கச் சொன்னார்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

இருந்தது! துணி ஊசியால் துளைக்குள் கிளறினேன். எண்ணெய் பிசுக்கோடு நாலைந்து முடி, விரல் நகம் அளவு நீளம், செம்பழுப்பு நிறம், விறைப்பானவை. மேல்நாட்டுத் தொழுவங்களில் குதிரையையும் மாட்டையும் சீவிக்கொண்டே தூசியை உறிஞ்சும் மிஷின்கள் இருந்தது எனக்குத் தெரியும். இங்கே அதன் மூக்கு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கிடைத்த இடம் ஓசூர், பக்கத்திலேயே மத்திகிரி கால்நடைப் பண்ணை. அங்கிருந்துதான் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மத்திகிரியில் குதிரை லாயத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சீப்பின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். முடியை ஒரு காகிதத்தில் மடித்துச் சீப்போடு வைத்திருக்கிறேன்.