எல்லைப்புறக் கடைகளில் கணினிக் கணக்கும் பேக்கப்பும்: நேரில் கண்டவை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, கணக்கெழுத்து

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை முதல் வேலந்தாவளம் வரையுள்ள கடைகளுக்கும் மண்டிகளுக்கும் கணக்கு எழுதி வருகிறேன். பெயர்ப் பலகை மலையாளத்தில் இருக்கும், கல்லாவில் பேச்சு தமிழில் நடக்கும். பேக்கப், அதாவது கணக்கின் மாற்று நகல், எடுக்காத கடை இந்தப் பக்கம் இப்போது குறைவு. எடுத்ததை ஒரு முறையாவது திறந்து பார்த்த கடையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு கொப்பரை மண்டியில் கணக்குப்பிள்ளையாக ஒரு பெரியவர் இருந்தார். அவரைப் போல ஒழுங்கான மனிதரைப் பார்ப்பது அரிது. மாலையில் கடை அடைக்கும் முன் பென் டிரைவைச் செருகுவார், அன்றைய தேதியில் ஒரு போல்டர் உருவாக்குவார், திரையில் உள்ள டாலி என்ற கணக்கு மென்பொருளின் படத்தை அதில் நகல் எடுப்பார், நோட்டில் நேரம் குறித்துக் கையெழுத்திடுவார். ஒரு நாள் கணினியின் ஹார்டு டிஸ்க் நின்றுபோனது. முதலாளிக்குப் பதற்றமே இல்லை. பென் டிரைவை என்னிடம் நீட்டி, "எல்லாம் இதில் இருக்கிறது அண்ணா, ஏற்றிக் கொடுங்கள்" என்றார்.

திறந்தேன். தேதி வாரியாக வரிசையாகப் போல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோப்பு, அளவு 2 கேபி. படத்தின் மூலையில் வளைந்த சிறிய அம்புக்குறி. பெரியவர் தினமும் நகல் எடுத்தது கணக்கை அல்ல, டாலியைத் திறக்க உதவும் ஷார்ட்கட்டை மட்டும். கணக்கு முழுவதும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு போல்டரில், பழுதான அதே டிஸ்க்கினுள் இருந்தது.

முதலாளி பெரியவரை எல்லோர் முன்னும் திட்டினார். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அங்கேயே மறுத்துப் பேசினேன். கணினியைப் பொருத்தியவர் எந்தப் போல்டர் என்று காட்டிக் கொடுக்கவில்லை. பார்த்துக் கையெழுத்திட வேண்டிய முதலாளி நோட்டை மட்டும் பார்த்தார். சொல்லிக் கொடுத்ததைத் தவறாமல் செய்த ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

மீட்ட வழியையும் சொல்ல வேண்டும், யாருக்காவது உதவும். ஆண்டு முடிவில் ஆடிட்டர் எடுத்துச் சென்ற டேட்டா அவரிடம் இருந்ததால் மார்ச் 31 வரையிலான கணக்கு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு விற்றவை, நாங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 படிவங்களில் பில் பில்லாக இருந்தன. வாங்கியவை வரித் தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இருந்தன. திரும்பக் கிடைக்காதது வசூல் கணக்கு. யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது வரித் தளத்தில் எங்கும் இல்லை. சில்லறை விற்பனையும் மொத்தத் தொகையாகத்தான் அங்கே இருந்தது. கார்பன் வைத்த பில் புத்தகங்களையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் வைத்துப் பேரேட்டை மறுபடி எழுதினோம். பொள்ளாச்சியில் இரண்டு வியாபாரிகள் தங்கள் பாக்கியைத் தாங்களே எழுதி அனுப்பினார்கள். அந்த நேர்மையை நான் மறக்கமாட்டேன். எல்லோரும் அப்படி இருக்கவில்லை.

அதன் பிறகு என்னிடம் கணக்கு உள்ள கடைகளில் ஒரு வழக்கம் கொண்டு வந்திருக்கிறேன். மாதம் ஒரு முறை, பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கடைசி பில் எண் சரிதானா, ஏதாவது ஒரு பார்ட்டியின் பாக்கி ஒத்துப்போகிறதா என்று இரண்டை மட்டும் சரிபார்த்தால் போதும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அத்தனை காலத்துக்குப் பிறகும் திறக்கிறதா என்பதுதான் கேள்வி. உலக பேக்கப் நாள் மார்ச் 31 அன்று வருகிறது, நம் கணக்காண்டு முடியும் அதே நாள். அன்றைய நகலைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

நகரியிலிருந்து, கணினி பழுதுபார்ப்பு

ஐயா எழுதியதைப் படித்ததும் எடைமேடை நினைவுக்கு வந்தது. நான் ஆந்திராவின் நகரியில் கடை வைத்திருக்கிறேன். இங்கே விசைத்தறிக்காரர்களின் கணினிகள்தான் அதிகம் வரும். மாம்பழப் பருவத்தில் ஆந்திரச் சித்தூர் வரைக்கும் கூப்பிடுவார்கள். தோத்தாபுரி மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால் கூழ் ஆலைகள் முன் டிராக்டர்கள் இரவெல்லாம் நிற்கும். சரக்கோடு ஒரு எடை, இறக்கிய பின் வெற்று வண்டி ஒரு எடை, கழித்து வருவதற்குத்தான் விவசாயிக்குப் பணம்.

ஓர் எடைமேடையில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஓடிக்கொண்டிருந்தது. எடை காட்டும் கருவி பழைய சீரியல் போர்ட் வழியாகப் பேசும், புதிய கணினிகளில் அந்தத் துளையே இல்லை என்பதால் அதை மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஓர் இரவு மின்சாரம் போனது. மின்சாரம் போனால் பேட்டரியில் தாங்க வேண்டிய யுபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. மறுபடி இயங்கியபோது கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்ததுதான் காரணம். நூறு ரூபாய்கூட ஆகாத பொருள்.

விளைவைக் கேளுங்கள். சரக்கு எடை இன்றைய தேதியில், வெற்று எடை பழைய தேதியில் பதிவானதால் மென்பொருள் இரண்டையும் சேர்க்க மறுத்தது. தானாக ஓடும் பேக்கப், பழைய தேதியுள்ளதை அழித்துப் புதியதை வைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அன்றிரவு எடுத்த நகலையே பழையது என்று நினைத்து அழித்துவிட்டது. காலையில் விவசாயிகள் சீட்டோடு நிற்கிறார்கள், கணினியில் அவர்கள் இல்லை.

காப்பாற்றியது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று படி கார்பன் சீட்டில் அச்சடித்த தேதி தவறு, ஆனால் வரிசை எண் தவறவில்லை. எண்ணை வைத்து ஒவ்வொரு வண்டியையும் கோர்த்தோம். மேலாளர் நியாயமானவர், ஒருவருக்கும் பிடித்தம் செய்யவில்லை. சத்தம் போடுகிறது, மெதுவாக அடிக்கிறது என்று அந்தப் பிரிண்டரைத் தூக்கிப் போடச் சொல்பவர்களை நான் விடுவதே இல்லை. தெர்மல் தாளில் அடித்த சீட்டு நம் வெயிலில் வெளுத்துப்போகும்.

யுபிஎஸ் பேட்டரியின் மேல் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதி வையுங்கள். சூட்டில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். விளக்கு எரிகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேலையைச் சேமித்துவிட்டு, யுபிஎஸ்ஸுக்கு மின்சாரம் வரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

குமுளியிலிருந்து, ஏலக்காய் வியாபாரம்

எங்கள் கடையில் நடந்தது மின்னல். ஐப்பசி மழை, மாலை நேரம். யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பியிருந்தோம். மின்னல் வந்தது மின்கம்பி வழியாக அல்ல, இணைய இணைப்பின் செம்புக் கம்பி வழியாக. மோடம், கணினி, அதில் எப்போதும் செருகியே இருந்த வெளி ஹார்டு டிஸ்க், மூன்றும் ஒன்றாகப் போயின. மலைக்குக் கீழே கம்பம் ஊரில் உள்ள வீட்டில் அண்ணன் ஒரு நகல் வைத்திருந்தார், அதனால் புட்டடி ஏலக்காய் ஏலச் சந்தையில் எடுத்த லாட்டுகளின் கணக்கு பிழைத்தது.

2018 ஆகஸ்டில் முல்லைப் பெரியாறு மதகுகள் திறந்து வண்டிப்பெரியாறில் தண்ணீர் ஏறியபோதும், கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்து ஒன்றாக நனைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நகலாவது மலைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புளியரையிலிருந்து

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நாங்கள் டாலி போல்டரை அப்படியே கூகுள் டிரைவோடு இணைத்துவிட்டோம். தானாக மேலே போய்விடுகிறது. இது போதாதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

போதாது தம்பி. இணைத்து வைத்தால் இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து பூட்டினால் பூட்டிய கோப்புதான் மேலே போகும். பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாட்கள் வரை அங்கே இருக்கும், அதற்குள் கண்டுபிடித்தால் தப்பலாம். இன்னொன்று, டாலி திறந்திருக்கும்போது அதன் டேட்டா போல்டரை வேறொரு மென்பொருள் தொட்டால் கணக்கு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அந்த இணைப்பை இன்றே எடுத்துவிடுங்கள். டாலியிலேயே உள்ள பேக்கப் வசதியில் ஒரு கோப்பு எடுத்து, தேதியைப் பெயராக வைத்து, அதை மட்டும் டிரைவில் ஏற்றுங்கள். வாரம் ஒரு நகல் வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். முதல் நகலை எடுத்ததும் வீட்டுக் கணினியில் ஏற்றி, கடைசி பில் எண் என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.