12 வயசு லாப்ரடார்: பின்னங்கால் தள்ளாட்டம், கிரியாட்டினின் 2.1. வலி மாத்திரையைத் தொடரலாமா?

பெருங்குடிவாசி கேட்டது:

ஆண் லாப்ரடார், 12 வயசு, 36 கிலோ, கருத்தடை ஆனவன். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, உள்ளே முழுக்க வழவழ டைல்ஸ். நாலு மாசமா பின்னங்கால் தள்ளாடுது. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ஞ்சிருக்கு. வலி மாத்திரை மெலாக்சிகாம் 5 நாள் கொடுத்ததில் நடை தேறிச்சு, ஆறாம் நாள் வாந்தி. அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனை: கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 2.1, பாஸ்பரஸ் 5.4, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) 1.3 லட்சம். தண்ணி நிறைய குடிக்கிறான். இப்போ சாப்பாடு தயிர் சாதம், கோழி, ஈரல், வாரம் இரண்டு நாள் எலும்பு சூப்.

மாத்திரை இல்லாம வலியோட விடவும் மனசு வரலை. மறுபடி ஆரம்பிக்கலாமா? சாப்பாட்டில் என்ன மாத்தணும்?

நாலுகால்:

மெலாக்சிகாமை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்ச் சேருவது புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு ரத்தக் குழாயை விரித்துப் பிடிப்பதால்தான். இந்த வகை மாத்திரை அதையே அடைக்கும். வலியும் குறையும், சிறுநீரக ரத்த ஓட்டமும் குறையும். வாந்தி எடுத்து நீர் வற்றிய நாய்க்குத் திரும்பக் கொடுத்தால் இரட்டை அடி. மெலாக்சிகாமை நிறுத்திய கையோடு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஆரம்பிப்பதும் ஆபத்து, வயிற்றில் புண் வரும். வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதுவும் கூடாது.

மாற்றாக காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் கூடுதல் தள்ளாட்டமும் இருக்கும். மனிதர்களுக்கான சிரப் வடிவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருக்கலாம், அது நாய்க்கு விஷம். மாத்திரையாகவே வாங்குங்கள். தொடர்ந்து கொடுத்த பிறகு சட்டென்று நிறுத்தக் கூடாது.

அந்த கிரியாட்டினின் 2.1ஐ மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாந்தி எடுத்த சமயத்தில் பார்த்த எண் அது. நீர்ச்சத்து சரியான பின், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் 1.4க்கும் 2.8க்கும் இடையில் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை. கூடவே மூன்று விஷயம் கட்டாயம்: சிறுநீரின் அடர்த்தி, சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், ரத்த அழுத்தம். விகிதம் 0.5ஐத் தாண்டினால் புரதம் ஒழுகுகிறது. அழுத்தம் தொடர்ந்து 160க்கு மேல் என்றால் அதற்குத் தனி மருந்து. காலையில் முதல் சிறுநீரை நீளக் காம்புள்ள கரண்டியில் நடுவாகப் பிடித்தாலே போதும்.

பிளேட்லெட் 1.3 லட்சத்தை விட்டுவிடாதீர்கள். நாய்க்குப் பொதுவாக 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். ரத்தம் திட்டுத்திட்டாகக் கட்டினால் மிஷின் குறைத்துக் காட்டும், அதனால் ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் குறைவென்றால் உண்ணிக் காய்ச்சல் சோதனை எடுங்கள். நம் ஊரில் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி மாசக்கணக்கில் ஒளிந்திருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது சகஜம். ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

வைகைக்கரை:

மூட்டுத் தேய்மானம் மட்டும்தானான்னு எனக்கு சந்தேகம். வயசான லாப்ரடாருக்கு எக்ஸ்ரே எடுத்தா தேய்மானம் எப்படியும் தெரியும். ஆனா தள்ளாட்டத்துக்குக் காரணம் நரம்பாவும் இருக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். அவனை நிக்க வச்சு, வயித்துக்கு அடியில் ஒரு கையால் தாங்கிக்கிட்டு, பின்பாதத்தை மடக்கி மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்க. நல்ல நரம்புன்னா உடனே திருப்பி வச்சுக்குவான். அப்படியே நின்னா நரம்பு. நகத்தையும் பாருங்க, நடு இரண்டு நகத்தின் மேல்பக்கம் தேய்ஞ்சிருந்தா காலை இழுத்து நடக்கிறான்னு அர்த்தம். குரைக்கும் சத்தம் கரகரன்னு மாறியிருக்கா? மூச்சு இழுக்கும்போது ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் வருதா? லாப்ரடாருக்கு வயசான காலத்தில் குரல்வளை நரம்பும் பின்னங்கால் நரம்பும் ஒண்ணாவே தளரும் நோய் ஒண்ணு உண்டு. மூட்டு வலின்னு மாசக்கணக்கா மாத்திரை கொடுத்து, கடைசியில் ஒரு வெயில் நாளில் மூச்சு முட்டும்போதுதான் கண்டுபிடிப்பாங்க.

நரம்போ மூட்டோ, தரை முதல்ல. சின்னச் சின்ன கால்மிதி போட்டா அதுவே வழுக்கும். படுக்கையிலிருந்து தண்ணி, சோறு, வாசல் வரைக்கும் அடியில் ரப்பர் ஒட்டின விரிப்பை இடைவெளி விடாம பாதை மாதிரி போடுங்க. பாத விரலிடுக்கில் வளரும் முடியை வெட்டணும், அது டைல்ஸில் சறுக்கு வண்டி. நகம் 2 வாரத்துக்கு ஒரு தடவை நுனி நுனியா. ரத்தம் வந்தா சோளமாவை அழுத்திப் பிடிங்க.

சட்டியடுப்பு:

சாப்பாட்டுக்கு வருகிறேன். பாஸ்பரஸ் ஏற்றும் ஈரலும் எலும்பு சூப்பும் இன்றோடு நிற்கட்டும். இரண்டாம் நிலையில் பாஸ்பரஸை 4.6க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். தயிர் சாதம் சாதுவான சாப்பாடு என்று நம்பி அதிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். புரதம் போதாமல் தசை கரைகிறது, ஏற்கெனவே தளர்ந்த கால் இன்னும் தளர்கிறது.

சிறுநீரக நோய்க்கென்று வரும் ரெடிமேட் உணவுதான் முதல் தேர்வு. ஆனால் வாந்தி இருக்கும் நாளில் அதை ஆரம்பிக்காதீர்கள். குமட்டலோடு சேர்த்து அந்த வாசனையை மனதில் வைத்துக்கொண்டு பிறகு தொடவே மாட்டான். வாந்தி நின்றதும் பழைய சாப்பாட்டில் கால் பங்கு கலந்து, 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள்.

வீட்டுச் சமையல்தான் என்றால் வெள்ளைச் சோறு, வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் தோல் நீக்கிய கோழி. மஞ்சள் கருவில்தான் பாஸ்பரஸ், அது வேண்டாம். கோழியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பாஸ்பரஸில் ஒரு பகுதி அதோடு போகும். கால்சியத்துக்கு எலும்புத்தூள் கூடாது, கால்சியம் கார்பனேட்தான். அளவை டாக்டர் கணக்குப் போட்டுத் தரவேண்டும். பாஸ்பரஸ் பிடிக்கும் மருந்து எழுதினால் சோற்றோடு கலந்தே தர வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் அது எதைப் பிடிக்கும்?

மீன் எண்ணெய் மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. காட் லிவர் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ குவிந்துவிடும். வெங்காயம், பூண்டு, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை அறவே ஆகாது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு நாளில் 3.6 லிட்டருக்கு மேல் குடித்தால் அளவு மீறல். ராத்திரி ஈரம் செய்கிறான் என்று பாத்திரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், நீர் வற்றினால் மறுநாளே கிரியாட்டினின் எண் ஏறும்.

பெருங்குடிவாசி:

பாதத்தை மடக்கிப் பார்த்தேன். வலது உடனே திரும்பிச்சு, இடது மூணு நாலு செகண்ட் அப்படியே இருந்தது. குரலும் கரகரன்னுதான் இருக்கு, தொண்டை கட்டியிருக்குன்னு நினைச்சோம். வாரம் இரண்டு தடவை தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் (உப்புச்சத்து கலந்த திரவம்) 300 மில்லி வீட்டிலேயே ஏத்தச் சொல்லியிருக்காங்க. எப்படி? மாடிப்படிக்கு என்ன வழி?

வைகைக்கரை:

அப்போ கழுத்துப் பட்டையை இன்னிக்கே கழட்டிட்டு மார்புப் பட்டை போடுங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் குரல்வளையைக் காட்டுங்க. அதுவரை காலை ஆறரைக்குள் நடை, 10 நிமிஷம். இந்த நோயில் மூச்சிரைச்சு உடம்பைக் குளிர வைக்க முடியாது. ஈறு நீலம் பாய்ஞ்சா குழாய்த் தண்ணியில் நனைச்சு, ஃபேனடியில் வச்சுக்கிட்டே வண்டியைக் கூப்பிடுங்க. சோத்தைக் கெட்டியா உருண்டை பிடிச்சு ஒவ்வொண்ணாக் கொடுங்க. சாப்பிட்டதும் இருமினா நுரையீரலுக்குள் போகுதுன்னு சந்தேகப்படுங்க.

படியில் ஒருத்தர் முன்னாடி ஒரு படி கீழே இறங்கணும், இன்னொருத்தர் பழைய குளிக்கிற துண்டைப் பின்னங்காலுக்கு முன்னால் வயித்தடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கணும். ஆண் நாய், துண்டு சிறுநீர்த் துவாரத்தை அழுத்தாம பார்த்துக்குங்க. சிறுநீரக நாய் அஞ்சாறு தடவை போகும், அத்தனைக்கும் படி இறங்க முடியாது. பால்கனியில் மண் தட்டில் புல் பத்தை வையுங்க. அவன் வழக்கமா போற இடத்து மண்ணை இரண்டு பிடி அதில் போட்டா பழகிடுவான்.

நாலுகால்:

ஏற்றும் முறை: பாட்டிலை ஜன்னல் கம்பியில் நாய்க்கு மூன்றடி உயரத்தில் கட்டுங்கள். குழாயில் காற்று போகும்வரை ஓடவிட்டு மூடுங்கள். 18 நம்பர் ஊசி, ஒவ்வொரு முறையும் புதிது. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, சாய்முனை மேலே பார்க்க, முதுகுக்கு இணையாகக் குத்துங்கள். முடி நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. ஓட்டம் நின்றால் ஊசியை லேசாகத் திருப்பினால் போதும்.

முதுகில் வீக்கம் வரும், முன்னங்கால் பக்கம் இறங்கும், சில மணி நேரத்தில் வடியும். மறுநாளும் வடியாவிட்டால் அடுத்ததை ஏற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) பாட்டிலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆரம்பிக்கும் முன் இதயத்தில் முணுமுணுப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் அவன் அசந்து தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணி எழுதிவையுங்கள். 30ஐத் தாண்டி நின்றால் அன்றைக்கு ஊசி வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு.